மேடேறி வரும் சத்தம்

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு விதி உண்டு. ஃபோர்வீல் பிக்கப் வண்டியில் முன்சக்கரம் கரகரவென்று அரைக்கிறது என்று யாராவது வந்தால், நான் உடனே ஸ்பேனரைத் தொட மாட்டேன். முதலில் என் அக்கா எழுந்து போய் வண்டிக்காரரின் மனைவியிடம் ஒரு கேள்வி கேட்பாள். அந்த அம்மா கூட வந்திருந்தால் நேரில் கேட்பாள். வரவில்லையென்றால் போன் போட்டுத் தரச் சொல்வாள். "இந்தச் சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருக்காம்மா?" கேள்வி அவ்வளவுதான்.

இதற்குச் சிலர் சிரிப்பார்கள். "என்னய்யா இது, சக்கரத்த கழட்ட பொண்டாட்டிகிட்ட பர்மிஷனா?" என்பார்கள். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுவார்கள். போகட்டும். ஊரில் நான் ஒருவன்தான் மெக்கானிக்கா என்ன?

அக்காவின் மேசை வாசல் ஓரத்தில் இருக்கிறது. வரும் வண்டியை எழுதுவது, போன் எடுப்பது, பார்ட்ஸ் கடைக்காரனைத் திட்டுவது எல்லாம் அவள் வேலை. ஆனால் அவளைப் பற்றி வெளியே பேசுவது அவள் காதைப் பற்றித்தான். வண்டி இன்னும் தெருமுனையில் திரும்பியிருக்காது, "இடது பக்கம்டா, டியூப்ல ஓட்டை" என்பாள். கழற்றிப் பார்த்தால் இடது பக்கம்தான், டியூபில் ஓட்டைதான். "எங்கம்மா கத்துக்கிட்டீங்க இத?" என்று வாயைப் பிளப்பார்கள். அவள் பாதி முகத்தால் சிரிப்பாள். மறுபாதி அசையாது, தாடை அங்கே கோணலாகச் சேர்ந்திருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குத் தலைக்கு ஏறிவிடும். கையில் இருப்பதைத் தூக்கிச் சுவரில் எறிந்துவிட்டு உள்ளே போய்விடுவேன். சுவரைப் பார்த்தாலே எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று தெரியும்.

அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். அப்பா போனபின் தையல் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் காலர் தைத்தாள். பேசினால் நிறுத்த மாட்டாள், பாடினால் அதைவிட மோசம். குளிக்கிற தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அவள் குரல் தெருவுக்குக் கேட்கும். "வீட்டுக்குள்ள ரேடியோ எதுக்கு, இவ போதாதா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். முப்பது வயதில் கல்குவாரியில் பாறைக்கு வெடி வைக்கிற ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தோம். ஆள் பார்க்க வாட்டசாட்டம், பேச்சு குறைவு, வாயில் சாராய நாற்றம் கிடையாது. இதற்குமேல் என்ன வேண்டும் என்று அம்மா கேட்டாள். நானும் தலையாட்டினேன். அவரை மாமா, மாமா என்று வாய் நிறையக் கூப்பிட்டவன் நான். இனிமேல் அவன் என்றுதான் சொல்லப்போகிறேன், மரியாதை கேட்பவர்கள் வேறு கதை படிக்கலாம்.

கல்யாணமாகி இரண்டாம் வருடம் அக்கா ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வலது கண் மூடிப்போய் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அம்மா ஒத்தடம் கொடுத்தாள், சோறு போட்டாள், மூன்றாம் நாள், "ஆம்பளைன்னா கோபம் வரத்தான் செய்யும், நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்றாள். பையைத் தூக்கி வண்டியில் வைத்து, அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டது யார்? நான்தான். வாசலில் அவன் என் தோளைத் தட்டி, "டீ குடிச்சிட்டுப் போ மச்சான்" என்றான். குடித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அக்கா எங்களிடம் எதுவும் சொன்னதில்லை. மணிக்கட்டில் கட்டு போட்டிருந்தால் கதவில் மாட்டிக்கொண்டது என்பாள். உதடு வீங்கியிருந்தால் குழாயில் இடித்துக்கொண்டது. அந்த வீட்டுக் கதவும் குழாயும் எட்டு வருடமாக அவளை அடித்துக்கொண்டிருந்தன. நம்பினேனா என்று கேட்காதீர்கள். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

அவர்கள் வீடு ஒரு மேட்டின் உச்சியில் கடைசி வீடு. கீழே ஒரு சிறு பாலம், அங்கிருந்து இரண்டு வளைவு திரும்பி ஏற வேண்டும். வீட்டின் பின்கதவைத் திறந்தால் இருபத்திரண்டு படி, அதற்குக் கீழே ஒரு சந்து. அவனிடம் ஒரு பழைய ஃபோர்வீல் பிக்கப் இருந்தது. குமிழைத் திருப்பினால் நாலு சக்கரமும் இழுக்கும், குவாரிச் சேற்றில் போவதற்கு அதுதான் சரி. அந்த வண்டி பாலத்தைத் தாண்டி மேடேற ஆரம்பித்ததும் முன்சக்கரம் அரைக்கத் தொடங்கும். யாரோ கல்லைப் போட்டு மிக்ஸியை ஓட்டுகிற மாதிரி ஒரு சத்தம், தெருவே காதைப் பொத்திக்கொள்ளும்.

என்னைப் போன்றவனுக்கு அது பல்லில் மணல் சிக்கியது மாதிரி. அது என்ன நோய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். முன்சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்குள் பல் வைத்த ஒரு வளையம் இருக்கிறது. சாதாரணமாக ஓடும்போது இஞ்சின் தன் உறிஞ்சலால், ஒரு மெல்லிய டியூப் வழியாக, அந்த வளையத்தைப் பிடித்து விலக்கி வைத்திருக்கும். டியூபில் ஓட்டை விழுந்தால் உறிஞ்சல் குறையும், அதுவும் மேடேறும்போது இன்னும் குறையும். அப்போது வளையம் முழுதாக விலகவும் முடியாமல், முழுதாகச் சேரவும் முடியாமல், பாதியில் நின்று பல்லோடு பல் உரசும். அதுதான் அந்தக் கரகர. சமதரையில் வராது, ஆக்சிலேட்டரை விட்டால் நின்றுவிடும். ஃபோர்வீலுக்குக் குமிழைத் திருப்பினாலும் நின்றுவிடும், ஏனென்றால் அப்போது பல் முழுதாகச் சேர்ந்துவிடுகிறது.

அவனுக்கு அந்தச் சத்தம் பற்றிக் கவலையே இல்லை, பாட்டை இன்னும் சத்தமாக வைத்துக்கொள்வான். நான்தான் விடவில்லை. "மாமா, வண்டிய ஒரு நாள் விடுங்க, நான் பாத்துத் தரேன்" என்று பார்க்கும்போதெல்லாம் நச்சரித்தேன். ஒருமுறை அக்கா எதிரிலேயே சொன்னேன்.

"அது பாட்டுக்கு ஓடிட்டுப் போவுது, விடுடா. உனக்கு வேற வேலையே இல்லையா?" என்றாள் அக்கா.

"அக்கா, இப்படியே ஓட்டினா ஹப்பு தூளாயிடும்."

"ஆகட்டும். வண்டி அவருது. நீ விடு."

குரலில் ஒரு அவசரம் இருந்தது. எனக்கு வீண் வேலை வைக்கக் கூடாதே என்ற கவலை என்று நினைத்தேன். என்ன ஒரு அறிவு பாருங்கள் எனக்கு! அடுத்த வாரமே அவன் வண்டியைக் கொண்டுவந்து விட்டான். ஒரு முழு நாள் உழைத்தேன். பேட்டரிக்குப் பின்னால் உரசித் தேய்ந்த டியூபை மாற்றினேன், தண்ணீர் புகுந்திருந்த வால்வை மாற்றினேன், இடது பக்கம் பல் மழுங்கியிருந்த வளையத்தைப் புதிதாகப் போட்டேன். எங்கள் கடைக்குப் பக்கத்து மேட்டில் ஏற்றிப் பார்த்தேன். பூனை மாதிரி ஏறியது. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது எனக்கு. "மாமா, இனி நீங்க வர்றதே யாருக்கும் தெரியாது!" என்று சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தேன். இந்த வாயால் சொன்னேன்.

மறுநாள் மாலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

அக்கா படியில் விழுந்துவிட்டாளாம். அவன்தான் சொன்னான், கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு. தாடை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஆறு வாரம் வாயைத் திறக்கக் கூடாது, ஸ்ட்ரா வைத்துத்தான் குடிக்க வேண்டும். கழுத்தில் நாலு விரலும் ஒரு கட்டைவிரலும் பதிந்திருந்தன. படிக்கு விரல் உண்டா? நர்ஸ் அதைப் பார்த்தாள், நானும் பார்த்தேன், அவனும் நாங்கள் பார்ப்பதைப் பார்த்தான்.

ஐந்து நாளும் அவன் அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை. கழிவறைக்குப் போனாலும் கதவு திறந்தே இருக்கும். என் மனைவி மட்டும் தினமும் பிளாஸ்க்கில் பால் கொண்டுபோய்க் குடிக்கவைப்பாள். மூன்றாம் நாள் பிளாஸ்க் திரும்பி வந்தபோது மூடிக்குள் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. எக்ஸ்ரே உறையில் கிழித்தது. அக்காவின் எழுத்து, நடுங்கி நடுங்கி.

"வண்டியை ஏன்டா சரி பண்ணினே? பாலத்தில் சத்தம் கேட்டால் அவன் வாசலுக்கு வர மூணு நிமிஷம். கத்தி, கரண்டி எல்லாம் பரண்மேல் போடுவேன். ரேடியோவை நிறுத்துவேன். சோற்றைச் சூடாக்கி மேசையில் வைப்பேன். பின்கதவுத் தாழ்ப்பாளை எடுத்துவைப்பேன். மூலையில் மாட்டாமல் கதவுப் பக்கம் நிற்பேன். அந்த மூணு நிமிஷத்தில்தான் எட்டு வருஷம் உயிரோடு இருந்தேன். அன்றைக்குச் சத்தமே இல்லை. நான் ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தேன். யாருக்குடி பாடுறே என்று கேட்டான்."

என் மனைவி அதை வாசித்துக் காட்டி முடித்ததும் நான் டயர் கழற்றும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவள் கதவை அடைத்துக்கொண்டு நின்றாள். "பின்பக்கமும் படிங்க முதல்ல!" என்று கத்தினாள். பின்பக்கம் இருந்தது இது.

"அவனை ஒன்றும் செய்யாதே. நீ ஜெயிலுக்குப் போனால் நான் எங்கே போவேன்? அவனை மீறி வந்தால் உன் கடைக்கு அடியில் குவாரி வெடிக் குச்சி ரெண்டு வைப்பேன் என்கிறான், வைப்பான். என் அடையாள அட்டை, சர்டிபிகேட் எல்லாம் அவன் பீரோவில் பூட்டியிருக்கிறது. அது இருந்தால்தான் போலீசுக்கோ வேறு ஊருக்கோ போக முடியும். பகலில் அவன் இல்லாதபோது பூட்டைத் திறக்கப் பார்க்கிறேன். ஆனால் எப்போது திரும்புவான் என்று தெரியாது. சத்தத்தைத் திரும்ப வை."

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். முப்பத்து நாலு வயது ஆள், கிரீஸ் கையோடு, குழந்தை மாதிரி. அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அந்த டீயைக் குடித்ததில்தான் வெட்கம்.

டிஸ்சார்ஜ் அன்று அவன் சாவியை என் பக்கம் எறிந்தான். "மச்சான், போய் டீசல் போட்டுட்டு வா." வந்ததடா வாய்ப்பு என்று நினைத்தேன். பங்க்குக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி பானட்டைத் திறந்தேன். என் மனைவியின் ஊக்கை எடுத்து, நான் போட்ட புது டியூபில், வால்வுக்குப் பக்கத்தில், அடிப்பக்கமாக மூன்று குத்து குத்தினேன்.

அன்று மாலை பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பெட்டிக்கடையில் நின்றேன். அவன் அக்காவை ஏற்றிக்கொண்டு போனான். வண்டி மேட்டைத் தொட்டது. கர்ர்ர்ர் என்று ஆரம்பித்தது. பெட்டிக்கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். எனக்குக் காதில் தேன் ஊற்றியது மாதிரி இருந்தது.

மறுநாள் அவன் கடைக்கு வந்தான். வந்ததும் வராததுமாக, நாலு வாடிக்கையாளர் பார்க்க, என் கன்னத்தில் ஒரு அறை விட்டான். காதுக்குள் விசில் அடித்தது.

"நாயே, இதுதான் நீ பாத்த லட்சணமா? ஊரே சிரிக்குதுடா!"

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பேரம் பேசியதற்காக ஒரு லாரிக்காரனின் பல்லைப் பெயர்த்தவன் நான். கடையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. நான் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "தப்புதான் மாமா, ஏத்துங்க பாக்கறேன்" என்றேன். பின்னால் யாரோ "அட!" என்றது கேட்டது.

ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கினேன். சக்கரத்தைக் கழற்றினேன். அவன் பொறுமையில்லாமல் குனிந்து, தலையையும் தோளையும் வண்டிக்கு அடியில் நுழைத்து, "எங்கடா, காட்டு" என்றான். முட்டு வைக்கவில்லை. ஒன்றரை டன் அவன் பிடரிக்கு மேலே ஒரு ஜாக்கியில் நின்றது. ஜாக்கியின் திருகு என் கையில் இருந்தது. அரைச் சுற்று திருப்பினால் போதும். "ஐயோ, ஜாக்கி நழுவிடுச்சே" என்று நானே முதல் ஆளாகக் கத்தியிருப்பேன், ஊரும் நம்பியிருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், விரல் திரும்ப ஆரம்பித்துவிட்டது. வண்டி ஒரு நூல் அளவு இறங்கியதும் தெரிந்தது. நீ ஜெயிலுக்குப் போனால் நான் எங்கே போவேன்? அந்த நடுங்கிய எழுத்து கண் முன்னால் வந்து நின்றது. திருகை இறுக்கினேன்.

"வெளிய வாங்க மாமா, எண்ணெய் சொட்டும்" என்றேன். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

"புது வளையம் ஃபால்ட்டு. வேற வரணும். வர்ற வெள்ளிக்கிழமை ஆயிடும்" என்று சக்கரத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டே சொன்னேன். மூன்று நாள். பூட்டைத் திறக்க அவ்வளவு வேண்டும் என்று அக்கா அடுத்த பிளாஸ்க் மூடியில் கேட்டிருந்தாள். அவன் கெட்ட வார்த்தையில் என் அம்மாவைச் சேர்த்துத் திட்டிவிட்டு வண்டியில் ஏறினான். அப்போது என் வாய் இருக்கிறதே, இருபது வருடமாக எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்லிப் பழகிய வாய், அது தானாகச் சொன்னது: "அதுவரைக்கும் ரொம்பத் தொந்தரவா இருந்தா ஃபோர்வீல்ல போட்டு ஓட்டுங்க, சத்தம் வராது."

சொன்னது எனக்கே உறைக்கவில்லை. வணக்கம் சொல்வது மாதிரி அது ஒரு தொழில் பழக்கம். அவனும் காதில் வாங்காத மாதிரிதான் போனான்.

பால் கொண்டுபோகும் என் மனைவியிடம் நான் கொடுத்தனுப்பிய மெல்லிய திருப்புளியும் கம்பியும் வைத்துக்கொண்டு அக்கா இரண்டு பகல் அந்த பீரோவோடு மல்லுக்கட்டினாள். இரண்டு நாளும் அவன் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பினான், ஒருமுறை பதினொரு மணிக்கு, ஒருமுறை மூன்று மணிக்கு. இரண்டு முறையும் பாலத்தில் சத்தம் கேட்டது. திருப்புளி அரிசி டப்பாவுக்குள் போனது, அவள் கட்டிலில் படுத்துக்கொண்டாள். பிளாஸ்க் மூடியில் "மூணு நிமிஷம் வேலை செய்யுது" என்று எழுதியிருந்தாள். மூன்றாம் நாள் வியாழக்கிழமை. பூட்டு திறக்கும் நிலைக்கு வந்துவிட்டது, நாலு மணிக்குப் பின்சந்துக்கு வண்டியைக் கொண்டு வா என்றாள்.

மூன்றே முக்காலுக்கே நான் வேனை சந்தில் நிறுத்திவிட்டேன். கையில் வீல் ஸ்பேனர், சும்மா ஒரு தைரியத்துக்கு. படிக்குமேலே பின்கதவு திறந்திருந்தது. நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பாலத்துப் பக்கம் கர்ர்ர்ர் என்று கேட்டது. சீக்கிரம் வந்துவிட்டான். பரவாயில்லை, மூன்று நிமிடம் இருக்கிறது, இருபத்திரண்டு படிக்கு ஒரு நிமிடம் போதும். அக்காவுக்கும் கேட்டிருக்கும். நான் வேனை ஸ்டார்ட் செய்தேன்.

சத்தம் நின்றது.

முதல் வளைவுகூடத் தாண்டியிருக்க மாட்டான். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்திருப்பான், திரும்ப வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அக்காவும் மேலே அப்படித்தான் நினைத்திருக்கிறாள், வண்டியைக் கீழேயே நிறுத்தி யாரோடோ பேசுகிறான் என்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃபோர்வீல்ல போட்டு ஓட்டுங்க, சத்தம் வராது. அடப்பாவி! என் வாயில் மண்ணைப் போட! இரண்டாவது முறையும் அவள் சத்தத்தைப் பறித்தவன் நானேதான்.

படிகளை எப்படி ஏறினேன் என்று தெரியாது. முட்டியில் இன்றைக்கும் தழும்பு இருக்கிறது. சமையலறையைத் தாண்டியபோது அவன் அவளை முடியைப் பிடித்து பீரோக் கதவில் மோதிக்கொண்டிருந்தான். ஒரு மோதல், ஒரு வார்த்தை. இன்னொரு மோதல், இன்னொரு வார்த்தை. கீழே காகிதங்கள் சிதறிக் கிடந்தன. பீரோவின் அடித்தட்டில் செய்தித்தாளில் சுற்றிய குவாரிக் குச்சிகள் வரிசையாக இருந்தன. அவள் சர்டிபிகேட் போட்ட பையை மட்டும் நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், முகத்தைக் காப்பாற்றக்கூடக் கையை எடுக்கவில்லை.

வீல் ஸ்பேனர் அவன் முன்கையில் இறங்கியது. காய்ந்த விறகு உடைகிற சத்தம். அவன் அலறிக்கொண்டு திரும்பி, மற்றக் கையால் மேசையிலிருந்த வெட்டுக்கத்தியை எடுத்து என் தோளில் செருகினான். அன்றைக்கு அதைப் பரண்மேல் போட அவளுக்கு நேரமில்லை. வலி அப்போது தெரியவில்லை, சூடு மட்டும் தெரிந்தது. அவன் முழங்காலில் ஒன்று போட்டேன். விழுந்தான். விலாவில் ஒன்று. பிறகு அவன் மார்புமேல் ஏறி உட்கார்ந்தேன். எட்டு வருடக் கதவுக்கும் குழாய்க்கும் சேர்த்துக் கொடுத்தேன். மூக்கு இருந்த இடம் தெரியவில்லை. அது எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், அப்படி ஒரு இனிப்பை நான் அதற்கு முன்னால் அறிந்ததில்லை. கடைசி அடிக்காக ஸ்பேனரை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கினேன்.

"போதும்டா!"

அக்காவின் குரல். கம்பி கட்டிய வாயை அவள் வலிந்து திறந்திருந்தாள். கம்பி ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டியிருந்தது, கழுத்து வரை ரத்தம் வழிந்தது. எட்டு நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை.

"நீயும் அவன மாதிரிதான்டா இருக்கே இப்ப. வா, போலாம்."

எனக்குக் கை விழுந்துவிட்டது. அவன் அடித்த அறையோ கத்தியோ அவ்வளவு வலிக்கவில்லை. ஸ்பேனரைப் போட்டுவிட்டு அவளைக் கைத்தாங்கலாகப் படியில் இறக்கினேன். யார் யாரைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம் என்று சரியாகச் சொல்ல முடியாது.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதுகிறவர் அவள் தாடையைப் பார்த்துவிட்டு, "குடும்பத் தகராறா?" என்று பேனாவை மூடப் பார்த்தார். அக்கா அந்தப் பையிலிருந்து ஒரு குவாரிக் குச்சியை எடுத்து அவர் மேசையில் வைத்தாள். நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார் மனிதர். அவ்வளவு பேரும் ஒரே நிமிடத்தில் வாசலுக்கு ஓடினார்கள். பூட்டைத் திறந்ததுமே அந்த ஒரு குச்சியை எடுத்துப் பைக்குள் போட்டிருக்கிறாள், என் அக்கா! அவள் தாடைக்காக அவனுக்குக் கிடைத்தது எட்டு மாதம். குச்சிகளுக்காகக் கிடைத்தது ஒன்பது வருடம். அவன் கைக்காக எனக்கு நாலு மாதம் கிடைத்தது. கணக்கு சரியா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் மெக்கானிக்.

அக்காவின் தாடை கோணலாகச் சேர்ந்தது. தையல் கம்பெனிக்கு அவள் திரும்பவில்லை. நான் உள்ளே இருந்த நாலு மாதமும் கடையைத் திறந்து வைத்து, வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துச் சமாளித்தது அவள்தான். நான் வந்தபோது மேசை போட்டிருந்தது, விதியும் போட்டிருந்தது. நான் ஏன் என்று கேட்கவில்லை. பாட்டு மட்டும் இன்னும் வரவில்லை. ரேடியோ இருக்கிறது, மிகக் குறைவாக வைத்துக்கொள்வாள்.

ஏழு வருடம் ஆகிறது. அக்காவின் கேள்விக்கு எல்லாப் பெண்களும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். "ஐயோ, காது கிழியுதும்மா, சீக்கிரம் பண்ணிக் குடுங்க" என்பார்கள். அக்கா என்னைப் பார்த்துத் தலையாட்டுவாள், நான் ஜாக்கியை எடுப்பேன். வருடக்கணக்கில் இப்படியே போனதில், இது எதற்கு, வீண் வேலை என்றுகூட நான் நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பிக்கப் வந்தது. ஓட்டி வந்தவர் நல்ல உடை, நல்ல பேச்சு, என்னை அண்ணன் என்று கூப்பிட்டார். மேட்டில் ஏறினால் அரைக்குது என்றார். பக்கத்து சீட்டில் ஒரு பெண், முழுக்கை போட்ட சட்டை, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அக்கா போய் ஜன்னல் அருகே குனிந்தாள்.

"இந்தச் சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருக்காம்மா?"

அந்தப் பெண் அக்காவின் தாடையைப் பார்த்தாள். பிறகு கணவர் நின்ற பக்கம் கண்ணை ஓட்டினாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா கதவைத் திறந்து, "உள்ள வாம்மா, வெயில்ல எதுக்கு உக்காந்திருக்கே, தண்ணி குடி" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு தன் மேசைக்கு அப்பால் உள்ளறைக்குப் போனாள். போகும்போது என்னைப் பார்த்தாள். தலையாட்டவில்லை.

நான் பானட்டைத் திறந்தேன். பேட்டரிக்குப் பின்னால், உரசி உரசி, டியூபில் அரை அங்குலத்துக்கு ஒரு கிழிசல். பத்து நிமிட வேலை. புது டியூப் என் தலைக்குமேலே ஆணியில் சுருளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பானட்டை மூடினேன்.

"பார்ட்ஸ் இல்ல சார்" என்றேன்.

"ஒரு டியூப் இல்லையா உங்ககிட்ட?"

"இல்ல சார். வர ஒரு மாசம் ஆகும்."

அவர் அந்த ஆணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அண்ணன் என்று கூப்பிட்ட வாய் மாறியது. என்ன கடை நடத்துறே, பிச்சை எடுக்கப் போ என்று ஆரம்பித்து, என் அப்பா, அம்மா, பிறப்பு எல்லாவற்றையும் இழுத்து, என் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினார். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஸ்பேனர் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. உள்ளறையில் அக்காவின் குரல் தாழ்ந்து கேட்டது, நடுவில் அந்தப் பெண்ணின் குரலும் கேட்டது. அவர்கள் பேசி முடிக்க இன்னும் நேரம் வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, அவர் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.